‘ஏசிங்க்’ என்று எழுதினால் மட்டும் போதாது

கேள்வி: எங்கள் பைதான் வலைச் செயலியை, அது சர்வரோடு பேசும் பழைய முறையான டபிள்யூஎஸ்ஜிஐயிலிருந்து, ஒன்று காத்திருக்கும்போது மற்றதைக் கவனிக்கும் புதிய முறையான ஏஎஸ்ஜிஐ சர்வருக்கு மாற்றுகிறோம். கோரிக்கை செயலியை அடையும் முன் இடையில் நின்று உள்நுழைவைச் சரிபார்க்கும் பழைய மிடில்வேரின் ஃபங்ஷனுக்கு முன்னால் ‘ஏசிங்க்’ (async, காத்திருக்கும்போது வழிவிடக்கூடியது என்று குறிக்கும் சொல்) சேர்த்து, புதிய முறைக்கேற்பத் திருத்தித் தந்தார்கள். ஓடுகிறது, ஆனால் கூட்டம் வந்தால் எல்லாக் கோரிக்கைகளும் நின்றுவிடுகின்றன. ஏன்?

பதில்: உள்ளே தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்தப் பழைய வரி அப்படியே இருப்பதால்தான். முன்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) இருந்தது, ஒருவர் காத்திருந்தால் அவரோடு போயிற்று. இப்போது எல்லோருடைய வேலையையும் மாறிமாறிப் பார்ப்பது ஒரே சுழற்சி (ஈவென்ட் லூப்). ஒருவர் நின்றால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். இந்த ஒட்டுவேலைக்கு ‘முழு மாற்றம்’ என்று பில் போடும் ஒப்பந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். ஒற்றைப் பயனரை வைத்துச் சோதித்துக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் 50 கோரிக்கைகளை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் செயலியும் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறதென்றால், மிடில்வேரோடு சேர்த்து மொத்தமாக ஏ2டபிள்யூஎஸ்ஜிஐ என்ற நூலகத்தின் உறைக்குள் போட்டுவிடுங்கள். அது த்ரெட்டுகளில் ஓட்டிக்கொள்ளும். செயலி புதிய முறைக்குப் போய்விட்டதென்றால் மிடில்வேரைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். டபிள்யூஎஸ்ஜிஐ வகுக்கப்பட்டது 2003-ல்; பைதானுக்கு ‘ஏசிங்க்’ வந்தது 2015-ல். இரண்டும் தாமாக ஒட்டிக்கொள்ளாது.

திரும்ப எழுதும்போது ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். பயனர் யாரும் வருவதற்கு முன்பே சர்வர் ‘லைஃப்ஸ்பான்’ என்றொரு அழைப்பை அனுப்பும். தொடக்க, முடிவு வேலைகளைச் செய்துகொள்ளச் சொல்லும் அழைப்பு அது. கோரிக்கையோடு வரும் கூடுதல் தகவல்களான ஹெடர்கள் அதில் கிடையாது. உங்கள் மிடில்வேர் ஹெடரைத் தேடிப் பிழையில் விழும். விழுந்தால் யுவிகார்ன் என்ற ஏஎஸ்ஜிஐ சர்வர் என்ன செய்கிறது தெரியுமா? ‘இந்தச் செயலிக்கு லைஃப்ஸ்பான் தெரியாது போலும்’ என்று தானே முடிவுகட்டி, பதிவில் ஒரு தகவல் வரியை மட்டும் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது! தொடக்கத்தில் திறக்க வேண்டிய தரவுத்தள இணைப்பு திறக்காமலே கிடக்கும். முதல் பயனர் வந்து 500 பிழையைப் பார்ப்பார். பிழையை விழுங்கும் இந்தப் பெருந்தன்மையை யார் கேட்டார்கள்? யுவிகார்னின் லைஃப்ஸ்பான் அமைப்பை ‘ஆன்’ என்று வைத்துவிடுங்கள், அப்போது தொடக்கத்திலேயே நின்று காட்டிக்கொடுக்கும். மிடில்வேரின் முதல் வரியிலேயே அழைப்பின் வகையைப் பார்த்து, லைஃப்ஸ்பானைத் தொடாமல் உள்ளே அனுப்புங்கள்.

லைஃப்ஸ்பானை மட்டும்தான். ‘எச்டிடிபி அல்லாத எதையும் விட்டுவிடு’ என்றே பலரும் எழுதுகிறார்கள். இருபுறமும் தொடர்ந்து பேசும் திறந்த இணைப்பான வெப்சாக்கெட்டும் எச்டிடிபி வகையில் வராது. உள்நுழைவுச் சோதனை இல்லாமலே அது உள்ளே போய்விடும்.