ஈயம், காட்மியம் கலந்த மண்ணில் பயோசார் போட்டால் காய்கறியைச் சாப்பிடலாமா?

ஓரளவு உதவும், ஆனால் மண் சுத்தமாகிவிடாது. பயோசார் என்பது மரம், பயிர்க் கழிவு போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் 350 முதல் 700 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கும் கரி. அதை நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். அந்தப் பரப்பில் உலோக அயனிகள் ஒட்டிக்கொள்ளும், கூடவே அதிலுள்ள சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் காட்மியமும் ஈயமும் நீரில் கரைவது குறைந்து, வேர் உறிஞ்சுவதும் குறையும்.

மண்ணில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தால் மட்டும் உஷார், காரத்தன்மை கூடும்போது அது இன்னும் கரைந்து வரலாம். அதனால் முதலில் மண் பரிசோதனை, அப்புறம்தான் கரி. பெயின்ட் அடித்த பழைய மரத்தைச் சுட்டுப் போடாதீர்கள், அதிலேயே ஈயம் இருக்கலாம். சந்தேகமான மண்ணில் கீரையைவிடத் தக்காளி மாதிரி காய்ப்பவை மேல். இலையில் ஒட்டும் மண்தூசியைக் கரி தடுக்காது, கழுவித்தான் ஆகவேண்டும்.