தெளிவாக இருக்கும் தங்கை

வணக்கம் சார்,

எனக்கு இருபது வயது. பொறியியல் மூன்றாம் ஆண்டு, இரண்டு அரியர். வீட்டில் ஒருவனாக, ஹாஸ்டலில் இன்னொருவனாக, இன்ஸ்டாகிராமில் வேறொருவனாக இருக்கிறேன். இதில் எது நான்? கொஞ்ச நாள் குறும்படம், கொஞ்ச நாள் கட்சி, கொஞ்ச நாள் யுபிஎஸ்சி என்று எதிலும் நிற்கவில்லை. என் தங்கைக்குப் பத்தொன்பதுதான். பி.காம். முடித்ததும் அப்பா பார்க்கும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வது என்று தெளிவாக இருக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் அந்தத் தெளிவு இல்லை? படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

அம்மாவிடம் பேசுவதைப் போலவே ஹாஸ்டலிலும் பேசினால்தான் கவலைப்பட வேண்டும். அதை விடுங்கள். புத்தகமும் இப்போது வேண்டாம், அதில் வரும் ஆளாகவும் ஒரு மாதம் திரிவீர்கள்.

எதிலும் நிற்காததற்கு இவ்வளவு புலம்பலா? 'நான் யார்' என்று திண்டாடும் அடையாளச் சிக்கல் என்ற பேச்சையே உலகத்தில் பரப்பிய உளவியலாளர் எரிக் எரிக்சன், 1902-இல் பிராங்பர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. யூதக் கோயிலில் அவரது பொன்னிற முடியைப் பார்த்து நீ நம் ஆள் இல்லை என்றார்கள், பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள். கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்காமல் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் படம் வரைந்துகொண்டு சுற்றியவருக்கு, 25 வயதில்தான் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. அப்படியே பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். முடிவெடுக்காமல் திரிய வாலிபத்துக்குக் கொஞ்சம் கால அவகாசம் வேண்டும், சமூகம் அதைத் தர வேண்டும் என்று எழுதினார். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. அனுபவியுங்கள்.

என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது உங்கள் தங்கை.

'தெளிவாக இருக்கிறாள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நீயும் குறும்படம் எடுக்கிறாயா என்று வீட்டில் யாராவது அவளைக் கேட்டதுண்டா? கட்சிக் கூட்டம் முடிந்து ராத்திரி பத்தரைக்கு அவள் வந்து நின்றால் என்ன நடந்திருக்கும்? ஓட்டுப்போடும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது 1989-இல். நாட்டை யார் ஆளலாம் என்று அவளிடம் கேட்கிறோம், அடுத்த வருடம் அவள் எந்த ஊரில் இருப்பாள் என்பதை மட்டும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். இருப்பது ஒரே வழி என்றால் யாருக்குத்தான் குழப்பம் வரும்?

எரிக்சனின் கருத்தை வைத்து ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் இளைஞர்களை நான்கு வகையாகப் பிரித்தார். தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடலும் முடிவும் இல்லாதவர்கள். நான்காவது வகை, தேடாமலே முடிவெடுத்தவர்கள். பெற்றோர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டவர்கள். முதல் வகையும் கடைசி வகையும் ஒரே மாதிரி தெளிவாகத்தான் பேசும். நீங்கள் ஏமாந்தது அங்கேதான். இன்னொன்று, மார்சியா அந்த ஆய்வைச் செய்தது கல்லூரி ஆண்களை மட்டும் வைத்து. எரிக்சனும் லேசுப்பட்டவர் இல்லை. பெண்ணின் அடையாளத்தில் ஒரு பங்கு அவளுக்கு வரப்போகும் ஆணைச் சார்ந்தது என்கிற மாதிரி எழுதி, பெண்ணியவாதிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

என் அத்தை மகள் ஒருத்தி இருக்கிறாள். 'அப்பா சொன்னா சரி' என்று படிப்பு முடியும் முன்பே கழுத்தை நீட்டியவள். என்ன தெளிவு பாரு என்று எங்களிடம் அவளைத்தான் காட்டுவார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாள். தபால் வழியில் வரலாறு எம்.ஏ. சேர்ந்தாள், பாதியில் விட்டாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள், அப்புறம் வேறொரு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லாமல் தனியாக ஹம்பிக்குப் போய்விட்டு வந்தாள். நீங்கள் இப்போது செய்வதைத்தான் அவள் ஐம்பதில் செய்தாள். உங்களுக்கு அது வயசுக் கோளாறு. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மந்திரிக்கவே கூட்டிப் போனார்கள்.

உங்கள் தங்கையிடம் தனியாகப் பேசுங்கள். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் ரெடியாக வைத்திருப்பாள். எதைச் செய்து பார்க்க ஆசை என்று கேளுங்கள். கல்யாணம்தான் என்றால் சரி, அது அவள் இஷ்டம். வேறு ஏதாவது சொன்னால், மாப்பிள்ளை பார்ப்பதைத் தள்ளிப்போடச் சொல்லி அப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள். கட்சி மேடையில் பேசிய வாய்தானே!

அந்த இரண்டு அரியரை நவம்பரில் எழுதி முடியுங்கள். அதற்கும் அடையாளச் சிக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.