மெக்சிகோவின் மலைக்கிராமக் குழந்தைகளின் படிப்புக்கும் ஊர்ப் பணிகளுக்கும் உதவ விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஊர்க்கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். பணம், புத்தகப்பை, கணினி எல்லாம் அதற்குப் பிறகு.

நான் புவெப்லா நகரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் நண்பருக்குச் சொந்த ஊர் வஹாக்கா மாநிலத்தின் வடக்கு மலைப்பகுதியில் உள்ள, சப்போட்டெக் பழங்குடியினரின் ஒரு கிராமம். அவர் வழியாகத்தான் அந்த ஊர்ப் பள்ளியோடு எனக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வஹாக்காவை மனத்தில் வைத்துச் சொல்வது. யுக்கத்தான், சொனோரா போன்ற மற்ற மாநிலங்களில் நடைமுறை வேறாக இருக்கும்.

வஹாக்காவில் 570 உள்ளாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. ஊரார் கூடி யார் தலைவர், யார் பொருளாளர், பள்ளிக் குழுவை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார்கள். 1995-இல் மாநிலத் தேர்தல் சட்டமே இந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. இந்தப் பொறுப்புகளைக் 'கார்கோ' என்கிறார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, தட்டிக்கழிப்பதும் எளிதல்ல. லாஸ் ஏஞ்சலஸ் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரையும் ஊர் கூப்பிடும். அவர் திரும்பி வந்து பொறுப்பை ஏற்க வேண்டும், அல்லது தன் செலவில் வேறொருவரை அமர்த்த வேண்டும். பாதை போடுவது, ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுவருவது, பள்ளிக்குச் சுவர் எழுப்புவது எல்லாம் 'தெக்கியோ' என்னும் பொது உழைப்பில் நடக்கின்றன. நம் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இப்படிப்பட்ட ஊரில் வெளியாள் ஒருவர் தனித் திட்டத்தோடு போய் இறங்கினால், ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு அது இடைஞ்சலாகத்தான் முடியும்.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். கூரை போட்ட கூடைப்பந்து மைதானம் (அந்த மலைகளில் ஊருக்கு நடுமுற்றம் அதுதான்), பிளாஸ்டிக் நாற்காலிகள், பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் செயலாளர். பள்ளிக்குக் கணினிகள் தருவதாக நகரத்திலிருந்து யாரோ சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து சப்போட்டெக்கில் பேசினார், நண்பர் என் காதருகே ஸ்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். மின்கட்டணத்தை யார் கட்டுவது? பழுதானால் மலையேறி வந்து யார் சரிசெய்வது? பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையே, அதை முதலில் பார்க்கலாமா? கணினிப் பேச்சு தள்ளிவைக்கப்பட்டது, தண்ணீர்த் தொட்டி தீர்மானமாக எழுதப்பட்டது. சிமென்ட்டுக்கும் குழாய்க்கும் மட்டும் வெளிப்பணம், உழைப்பு முழுக்க ஊருடையது. தெக்கியோ நாளில் ஆண்கள் மணல் சுமந்தார்கள், பெண்கள் அண்டாவில் கருப்புப் பீன்ஸ் வேகவைத்துத் தோர்த்தியா சுட்டார்கள், ஆசிரியர்கள் மணல் சலித்தார்கள். அந்தத் தொட்டி இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. அதைக் கழுவிப் பராமரிப்பதும் இப்போது ஒருவருடைய கார்கோ.

படிப்புக்கு வருகிறேன். மெக்சிகோவில் தொடக்கப்பள்ளி 6 ஆண்டு, அடுத்து செகுந்தாரியா 3 ஆண்டு, அதற்கு மேல் நம் மேல்நிலைப் பள்ளிபோல பச்சில்லெராத்தோ 3 ஆண்டு. மிகச் சிறிய குக்கிராமங்களுக்கு, 1971-இல் தொடங்கப்பட்ட கொனாஃபே என்ற அரசு அமைப்பு இளைஞர்களைக் கற்பிக்க அனுப்புகிறது. ஊரார் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கிறார்கள். கற்பித்து முடித்தபின் அந்த இளைஞர்களின் மேற்படிப்புக்கு அரசு உதவித்தொகை தருகிறது. செகுந்தாரியாவுக்கு 1968 முதல் தொலைக்காட்சி வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஒளிபரப்பின் துணையோடு ஒரே ஆசிரியர் ஒரு வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் நடத்துவார். தரம் போதாது என்று இவற்றைக் குறை சொல்பவர்கள் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அவை இல்லையென்றால் பல ஊர்களில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்திருக்கும்.

பச்சில்லெராத்தோதான் பெரிய தடை. அது பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருக்கிறது, மலைப்பாதையில் தினமும் போய்வர வழியில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை வாரம் முழுக்க வாடகை அறையில் தங்கி, தானே சமைத்துச் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை வேனில் ஊர் திரும்ப வேண்டும். 2012-இல் அரசியல் சட்டம் இந்தப் படிப்பையும் கட்டாயமாக்கியது. 2019-இல் வந்த பெனித்தோ ஹுவாரெஸ் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் இந்த நிலையில் படிப்பவர்களுக்கு மாதம் 800 பெசோ தந்தது, பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். நல்ல திட்டம். ஆனால் வாடகை, சாப்பாடு, பயணம் மூன்றையும் அந்தத் தொகையால் தாங்க முடியாது. அந்த ஹுவாரெஸே இந்த மலையின் குவெலத்தாவோ கிராமத்துப் பிள்ளைதான். பெற்றோரை இழந்து, ஸ்பானிய மொழி தெரியாமல், 12 வயதில் வஹாக்கா நகருக்கு நடந்தே போய்ப் படித்தவர், 1858-இல் குடியரசுத் தலைவரானார். அவர் பெயரில் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளும் இன்னும் மலையிறங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டில் பணம் போதாதபோது பல குடும்பங்களில் முதலில் நிற்பது பெண்ணின் படிப்பு. ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தர அரசு 1997-இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பணம் தாயின் கைக்குப் போனது, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை, செகுந்தாரியாவில் பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையைவிடக் கூடுதல் தொகை. பெண்கள் செகுந்தாரியாவில் சேர்வது கூடியதை ஆய்வுகள் உறுதிசெய்தன, பல நாடுகள் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களை வகுத்தன. பெயர்கள் மாறி மாறி வந்து 2019-இல் அது முடிவுக்கு வந்தது. எனவே என் யோசனை இது: ஊருக்கே புத்தகப்பை வாங்கிக் கொடுக்கும் பணத்தில், இரண்டு மூன்று பெண்களின் அறை வாடகையையும் பயணச் செலவையும் மூன்று ஆண்டுகளுக்கும் ஏற்றுக்கொள்ளுங்கள். யாருக்கு என்பதைப் பெற்றோர் குழு தீர்மானிக்கட்டும், பணம் தாயிடம் போகட்டும். நடுவில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். பணம் வாங்கும் பிள்ளையை நிறுத்திவைத்துப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொரு செலவையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்: ஊர் இசைக்குழு. வடக்கு மலைகளில் பித்தளை வாத்தியமும் கிளாரினெட்டும் வாசிக்கும் குழு பல ஊர்களில் இருக்கிறது, சிறுவர் குழுவும் தனியாக உண்டு. ஓர் ஊர்த் திருவிழாவுக்கு மற்றோர் ஊர்க் குழு போய் வாசிக்கும், பிறகு அவர்கள் இங்கே வந்து அந்தக் கடனைத் தீர்ப்பார்கள். பிள்ளைகள் அங்கேதான் இசைக்குறிப்பு படிக்கவும், பெரியவர்களோடு சேர்ந்து உட்காரவும், வெளியூர் போய்ப் பழகவும் கற்றுக்கொள்கிறார்கள். மிஹே இன மக்களின் த்லாஹுயித்தோல்தெபெக் ஊரில் இதற்கென்றே ஓர் இசைப்பள்ளி 1970களின் இறுதியிலிருந்து நடக்கிறது. இரண்டு பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசிக்கும் ஒரு டிரம்பெட்டைப் பார்த்தபின், இதைப் படிப்பு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பொதுப்பணிகளில் ஊரார் நம்மைவிட வெகுதூரம் முன்னே இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் கைபேசிச் சேவை தராத தலேயா தெ காஸ்த்ரோ என்ற மலையூர், 2013-இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு தனக்கென்று ஒரு கைபேசி வலையமைப்பை அமைத்துக்கொண்டது. அமெரிக்காவில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துப் பணம் அனுப்புவது நெடுநாள் வழக்கம். அவர்கள் போடும் ஒவ்வொரு பெசோவுக்கும் உள்ளாட்சி, மாநிலம், நடுவண் அரசு மூன்றும் ஆளுக்கொரு பெசோ சேர்க்கும் திட்டம் 2002-இல் நாடு முழுவதும் வந்தது, 2020-இல் நிதி நிறுத்தப்பட்டது. திட்டம் போனாலும் பல சங்கங்கள் இருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊருக்கு அப்படி ஒன்று இருந்தால் அவர்களிடம் பேசுங்கள், ஊரின் தேவை அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

வெளிநாட்டவரான நமக்கு என்ன இடம் என்று தயங்கினால் பாண்டுரங்க கான்கோஜேயை நினைத்துக்கொள்ளுங்கள். வார்தாவில் பிறந்து, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டு இந்தியர்கள் தொடங்கிய கதர் (Ghadar) இயக்கத்தில் பங்காற்றி, நாடு திரும்ப முடியாமல் 1920களில் மெக்சிகோ வந்தவர். சாப்பிங்கோ வேளாண் பள்ளியில் கற்பித்துக்கொண்டே, உழவர்களுக்கு இலவச வேளாண் பள்ளிகளை நிறுவினார். மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியர் தியெகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவரை வரைந்திருக்கிறார்.

நடைமுறைக்குச் சில: நிறுவனம் வழியாகக் கொடுப்பதானால், அது மெக்சிகோ வரித்துறை அங்கீகரித்த நன்கொடை அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் பொதுவெளியில் கிடைக்கிறது. இந்தியாவிலிருந்து அனுப்பினால் வங்கியில் நோக்கத்தை நன்கொடை என்றே குறிப்பிடுங்கள், இந்தியாவில் நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிச்சலுகை இதற்குப் பொருந்தாது. நேரில் போக இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அதுவே போதும். பள்ளி ஆண்டு ஆகஸ்ட் இறுதி வாக்கில் தொடங்குகிறது, அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஊர் நிர்வாகிகள் பல இடங்களில் ஜனவரி 1 அன்று மாறுவார்கள். பழைய குழு ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி, புதிய குழுவிடம் நீங்களே ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.