படுக்கையிலிருந்து கழிவறை வரை

கேள்வி: யாங்கோன் பசுண்டாங்கில் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 69. இருபது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். பாதம் மரத்துப்போய்விட்டது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை என்கிறார். பார்வையும் மங்கல், முழங்கால் வலியும் உண்டு. போன மாதம் ஒரு ராத்திரி கரண்டு இல்லாத நேரத்தில் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. மாமனாருக்கு மூச்சிரைப்பு. சுவரை உடைக்கவோ டைல்ஸ் மாற்றவோ வீட்டுக்காரர் விடமாட்டார். எதில் தொடங்குவது?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அத்தை படுக்கும் இடத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, டார்ச் இல்லாமல் கழிவறை வரை நடந்து பாருங்கள். மறுநாள் ராத்திரி அத்தை எழுந்து போகும்போது பின்னாலேயே போங்கள். தாங்கிப் பிடிக்காதீர்கள், ஆனால் கை எட்டும் தூரத்தில் இருங்கள். அவர் கை எங்கெங்கே சுவரைத் தேடுகிறது, எதைப் பிடிக்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கைப்பிடி அடிக்க வேண்டிய இடம் அந்தக் கோடுதான். பிசியோதெரபிஸ்டாக வீடுவீடாகப் போன எனக்கு இதைவிடப் பயனுள்ள பரிசோதனை கிடைத்ததில்லை.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யாங்கோன் மாடிவீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். முன்னால் தெருவைப் பார்த்த கூடமும் சாமி அலமாரியும், நடுவில் பலகை அடித்த தடுப்பறை, கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் கழிவறை. அத்தை முன்கூடத்தில் படுத்தால் ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்குப் போவதற்குள் அந்த நீளத்தை ஆறு தடவை கடக்கிறார். மரத்த காலும் மங்கிய கண்ணும் உள்ளவருக்கு அது ஒரு பயணம்.

காசே செலவில்லாத வழி, கட்டிலைப் பின்பக்கம் நகர்த்துவது. இதைச் சொன்னால் பல வீடுகளில் பெரியவர்களின் முகம் வாடிவிடும். “என்னை அடுப்படி மூலைக்குத் தள்ளுறீங்களா?” என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டிருக்கிறார். தெருச் சத்தமும் சாமி விளக்கும்தான் அவருக்குத் துணை. அதைப் பறித்துவிட்டுப் பாதுகாப்பு தருகிறேன் என்பது எனக்கும் ஒப்பவில்லை. அத்தைக்கு மனமில்லை என்றால் கட்டில் முன்னாலேயே இருக்கட்டும். ராத்திரிக்கு மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திரை கட்டி, அதற்குள் வாளி வைத்த கமோடு நாற்காலியைப் போடுங்கள். ஒரு வாரம் கூச்சமாக இருக்கும். நாற்காலியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கட்டும், இல்லையென்றால் உட்காரும் வேகத்தில் நகர்ந்துவிடும்.

கட்டிலின் உயரத்தையும் பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய வேண்டும். பெரும்பாலானோருக்கு அது மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. வரை வரும். தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர் என்றால் பழக்கத்தை மாற்றத்தான் வேண்டும். முழங்கால் வலியோடு தரையிலிருந்து எழுவதுதான் அன்றாடத்தில் அவருக்கு மிகக் கடினமான வேலை.

யாரும் கவனிக்காத ஒன்று, கொசுவலை. மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிய வலைக்குள்ளிருந்து இருட்டில் வெளியே வரும்போது முதலில் தலை வரும், அப்புறம் கை, கடைசியில் கால். வலையின் விளிம்பு காலில் சுற்றியிருப்பதை மரத்த பாதம் சொல்லாது. அத்தை இறங்கும் பக்கத்தில் மட்டும் வலையைச் செருகாமல், இரண்டு மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று படியும்படி தொங்கவிடுங்கள். வலை இருக்கும் வீட்டில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. கரண்டு போனதும் தானாக எரியும் ரீசார்ஜ் பல்பு கடைகளில் கிடைக்கிறது. கட்டிலருகில் ஒன்று, நடைவழியில் ஒன்று, கழிவறைக்குள் ஒன்று என மூன்று வாங்குங்கள். கழிவறைக்குள் இருப்பதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுந்த உடனே நடக்க விடாதீர்கள். காலைத் தொங்கப்போட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசைத்துவிட்டு எழட்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால், அதைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி அத்தை விழுந்த அந்த வாசல். நம் பாத்ரூம்களில் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சாண் திண்டு கட்டியிருப்பார்கள். சிமெண்டும் சாம்பல், தரையும் சாம்பல், மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். திண்டின் இரண்டு விளிம்பிலும் பட்டையாக மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். வாசலின் இரண்டு பக்கமும் நெடுக்காக ஒவ்வொரு கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துவிடாதீர்கள். அது ஈரத்துணியின் எடைக்குச் செய்தது, ஆள் சாய்ந்தால் திருகாணியோடு பெயர்ந்து வரும். செங்கல் சுவர் என்றால் எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டு இறுக்கலாம். பலகைத் தடுப்பு என்றால் மறுபக்கத்தில் ஒரு கட்டையை வைத்து ஊடுருவும் போல்ட் போட வேண்டும். மாட்டியபின் வீட்டில் கனமான ஆள் யாரோ அவரைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கிடைமட்டமாக வைக்கும் கைப்பிடியின் உயரம், அத்தை நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருமே, ஏறக்குறைய அதுதான்.

குந்து கழிவறையில் இந்த முழங்காலோடு உட்கார்ந்து எழுவது நடக்காத காரியம். நடுவில் ஓட்டை உள்ள ஸ்டீல் கமோடு நாற்காலியை மேலே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல வீடுகளில் பீங்கான் ஒரு மேடையின் மேல் பதித்திருக்கும். நாற்காலியின் நாலு காலும் அந்த மேடைக்குள் அடங்குகிறதா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒரு கால் மேடை விளிம்பில் நின்று, உட்கார்ந்தவர் நாற்காலியோடு சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியை வாங்கச் சொன்னவனும் நான்தான். அளக்காமல் சொன்னேன். கால்களுக்கு அடியில் ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், தேய்ந்துபோகும்.

கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், திறக்கவே முடியாது. கதவையே கழற்றிவிட்டுத் திரை போடுங்கள், அல்லது கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றுங்கள். தெருவிலிருந்து கூப்பிட பால்கனியில் மணி கட்டிக் கயிறு தொங்கவிட்டிருப்பீர்களே, அதேபோல் ஒன்றைக் கழிவறைக்குள்ளும் கட்டுங்கள். கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்க வேண்டும். நிற்கிறவர் கைக்கு எட்டினால் போதாது, விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டும்.

அடுத்து பாதம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவது நமக்கும் பர்மியருக்கும் பொதுப் பழக்கம். ஆனால் உணர்ச்சி இல்லாத பாதம் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும்தான். உடைந்த வளையல் துண்டு குத்தினால் இரண்டு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். வீட்டுக்குள் மட்டும் போட, குதிகாலில் பட்டை உள்ள, முன்பக்கம் மூடிய, அடிப்பாகம் வழுக்காத செருப்பு ஒன்று வாங்குங்கள். விரல் இடுக்கில் கொக்கி வரும் வெல்வெட் செருப்பு வேண்டாம். அதுதான் கழன்று விழுகிறது, இடுக்கையும் உரசிப் புண்ணாக்குகிறது. தமெய்ன் (பர்மியப் பெண்கள் கட்டும் கைலி) கட்டுகிறவர் என்றால் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி மடித்துத் தையுங்கள். வெந்நீர்ப் பை, சூடு ஒத்தடம் எதுவும் அந்தப் பாதத்துக்கு ஆகாது. குளிக்கும் வெந்நீரை அத்தை காலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

ஷ்வேடகோன் பகோடாவுக்கும் நம் கோயிலுக்கும் போகாமல் அவரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். பகோடாவில் சாக்ஸ்கூடப் போட விடமாட்டார்கள். ஏப்ரல் வெயிலில் அந்தப் பளிங்குத் தரை கொதிக்கும், அவருக்குத் தெரியாமலே பாதம் கொப்பளித்துவிடும். விடிகாலையில் போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் நீங்கள் பாருங்கள்.

இன்சுலினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கரண்டு போகும் வீட்டில் அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்து அட்டையில் வேறு கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். யாங்கோனில் ஏப்ரலில் 35 டிகிரிக்கு மேல் ஏறும்போது அந்த 30 எங்கே இருக்கிறது?

பானையில் இருக்கிறது. பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி அதற்குள் சிறிய பானையை வைத்து, மூடியில் ஈரத்துணி போட்டு, காற்று வரும் நிழலில் வையுங்கள். மருந்தை ஈரம் புகாத டப்பாவில் போட்டு உள்ளே இறக்குங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, தெருவோரத் தண்ணீர்ப் பானை குளிர்ந்திருப்பதும் இதனால்தான். காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகக் குளிராது. நல்லகாலமாக அப்போது வெயிலின் கடுமையும் குறைந்திருக்கும். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டு, மதியம் மூன்று மணிக்கு எடுத்துப் பாருங்கள். எண்ணைப் பார்த்தபின் நம்புங்கள்.

குளிர்சாதனப் பெட்டியிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் ஐஸ் அறைக்கு நேர் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிப் பழையபடி தெரிந்தாலும் வீண்தான். கதவுத் தட்டில் வைப்பது நல்லது. தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைப்பவர்கள் மருந்து ஐஸைத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள்.

சர்க்கரை தாழ்ந்து விழுவதும் விழுவதுதான். போன மாதம் விழுந்த அன்று ராத்திரி அத்தை சரியாகச் சாப்பிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், அல்லது சர்க்கரை அளக்கும் மானியில் 70 மி.கி.க்குக் கீழே காட்டினால், மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. கெட்டிப்பால் கலந்த டீ வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சர்க்கரை டப்பா கட்டிலருகில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும், மூடி எளிதாகத் திறக்கட்டும்.

மாமனாருக்கானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரிஅடுப்பைப் பற்றவைத்தால் பின்கதவு திறந்திருக்க வேண்டும், அந்த நேரம் அவர் முன்பால்கனியில் இருக்கட்டும். கொசுவர்த்திச் சுருளை விட்டு வலைக்கு மாறுங்கள். சாம்பிராணியை வெள்ளிக்கிழமையும் அளவாகப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியிலோ பால்கனியிலோ ஜெனரேட்டர் ஓட்டினால் சண்டை போட்டாவது நிறுத்துங்கள். அந்தப் புகையில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அது நல்ல நுரையீரல் உள்ளவரையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மாடிப்படியில் அத்தை ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரு கை எப்போதும் பிடியில் இருக்க வேண்டும், அதனால் பையைத் தூக்கக் கூடாது. மருந்தும் காய்கறியும் பால்கனிக் கயிற்றில் ஏறி வரட்டும். படிமுனைகளில் வெள்ளைக் கோடு அடிக்க மற்ற குடித்தனக்காரர்களும் சம்மதிப்பார்கள், அவர்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள்.

அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்குங்கள். தடுமாறும்போது அத்தை முதலில் பிடிப்பது அதைத்தான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம், “சுவரை உடைக்கவில்லை, கைப்பிடிகளுக்கும் அலமாரிப் பட்டைக்கும் போல்ட் துளை மட்டும். காலி செய்யும்போது சிமெண்ட் பூசி அடைத்துத் தருகிறோம்” என்று சொல்லிப் பாருங்கள். துளை போடும் இடத்தைச் சாக்பீஸ் கோட்டோடு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். டைல்ஸை அவர் தொட விடாவிட்டால் அதன்மேல் ஓட்டைகள் உள்ள ரப்பர் பாய் விரித்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தினமும் தூக்கி அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு படிந்தால் பாயே வழுக்கும்.