மொட்டைமாடியிலிருந்து நெபுலா: ஃபில்டர் வாங்கும் முன்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 எம்எம் லென்ஸ், ட்ரைபாட் வைத்திருக்கிறேன். மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவை, அதாவது வானத்தில் ஒளிரும் அந்த வாயு முகிலை, எடுத்தால் படம் வெளுத்துப்போகிறது. 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்' போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் 14,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

அந்த ஃபில்டர் மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்துச் சரக்கு. அந்த வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளை ஒட்டியே இருந்ததால் அதை மட்டும் வெட்டினால் வானம் கறுத்தது. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. எல்லா நிறமும் கலந்து வருகிறது, எதை வெட்டுவது? ஆனாலும் பழைய காலத்துப் படத்தைக் காட்டியே விற்கிறார்கள். எங்கள் தெருமுனை விளக்குக்கு மேலே மூடி போடச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன், பதிலே இல்லை. வெளிச்சம் தரைக்குத்தானே வேண்டும், வானத்துக்கு எதற்கு?

அடுத்து 'டூயல் நேரோபேண்ட்' என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். நல்ல பொருள்தான், நெபுலாவில் ஒளிரும் ஹைட்ரஜனின் சிவப்பையும் ஆக்சிஜனின் நீலப்பச்சையையும் மட்டும் உள்ளே விடும். ஆனால் நட்சத்திரத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் உங்களிடம் இல்லை. இரண்டு விநாடிக்கு மேல் திறந்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும், இரண்டு விநாடியில் அந்த ஃபில்டர் வழியே கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. டிராக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் இதை விற்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். கேமராவைப் பிரித்து, சிவப்பைக் குறைக்கும் உள்கண்ணாடியை எடுத்துத் தருகிறேன் என்று வருபவரையும் நம்பாதீர்கள், சென்சாரில் தூசியும் ஃபோகஸ் கோளாறும் வந்து சேரலாம்.

அப்புறம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் எடுக்க ஆசை வரும். அந்த நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல முகில் தானாக ஒளிர்வதில்லை, பக்கத்து நட்சத்திரங்களின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். நட்சத்திர ஒளியில் எல்லா நிறமும் உண்டு, ஆகவே நேரோபேண்ட் ஃபில்டர் போட்டால் முகிலும் சேர்ந்தே போய்விடும். இதற்கு எந்த ஃபில்டரும் உதவாது, இருட்டான ஊருக்குத்தான் போக வேண்டும், ஜவ்வாது மலைப் பக்கம் போய்வாருங்கள்.

ஓரியனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜனவரி கடைசியில், நிலா இல்லாத இரவில், ஒன்பது மணிவாக்கில் அது தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். தெருவிளக்கு நேராக லென்ஸில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ட்ரைபாடை வையுங்கள். லைவ் வியூவில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), இரண்டு விநாடி, 600 படம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரியனை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அப்போதே லென்ஸில் டார்ச் அடித்தும் பாருங்கள், கடல் ஈரம் படிந்திருக்கும். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே அமைப்பில் 30 படம், கேமராவின் சொந்தப் புள்ளிகளைக் கழிக்க. எல்லாவற்றையும் சிரில் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள், அது இலவசம். வானத்தின் வெளுப்பையும் அதிலேயே கழித்துவிடலாம்.

காசு சேர்ந்தால் முதலில் டிராக்கர். அதை நேர்ப்படுத்தத் துருவ நட்சத்திரம் தெரிந்தால் சுலபம். இங்கிருந்து அது 13 டிகிரி உயரம்தான், அதுவும் எண்ணூர்ப் பக்கத்து வெளிச்சத்துக்குள். வாங்குவதற்கு முன் ஒரு இரவு உங்கள் மாடியில் வடக்கே பார்த்து நின்று, அது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.