சிகிச்சைக்காக ஊரில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டேன், ஐஎல்ஆர் (இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைக்குமா?

கேள்வி: 2021 மார்ச்சிலிருந்து இங்கிலாந்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் நர்ஸாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் 2023 நவம்பர் 2 அன்று மதுரைக்குக் கிளம்பி, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து 2024 ஏப்ரல் 20 அன்று திரும்பினேன். செக்கப்புக்காக ஜூலை 6 போய் 28 வந்தேன். டிபெண்டண்ட் விசாவில் இருக்கும் கணவரும் இரண்டு முறையும் கூடவே இருந்தார். வெளிநாட்டில் இருந்த நாள்கள் எந்த வருடத்திலும் 180-ஐத் தாண்டவில்லை, சரிதானே?

பதில்: முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. நீங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணியிருக்கிறீர்கள். விசாவை முடிவு செய்யும் ஹோம் ஆபீஸ் அப்படிப் பார்ப்பதில்லை, எந்தத் தேதியில் தொடங்கும் 12 மாதத்தை எடுத்தாலும் வெளியே இருந்த நாள்கள் 180-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கிளம்பிய நாளும் வந்திறங்கிய நாளும் சேராது. அப்படி எண்ணினால் முதல் பயணம் 169 நாள், இரண்டாவது 21, ஆக 190. பத்து நாள் கூடுதல். ஹீத்ரோவில் ராத்திரி ஏறியிருந்தால் ஊரில் குத்திய முத்திரையில் மறுநாள் தேதிதான் இருக்கும், அதை வைத்து எண்ணாதீர்கள், இங்கிலாந்தை விட்ட தேதிதான் கணக்கு.

ஆனால் இதனாலேயே விண்ணப்பம் போய்விடாது. விண்ணப்பதாரருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் வந்து வெளியே இருந்த நாள்களை அந்த 180-இல் சேர்க்காமல் விடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அதனால் கூடுதலான பத்து நாளுக்கு மட்டும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் பயணம் முழுவதும் சிகிச்சைக்காகவே என்று நிரூபித்துவிட்டால் 169-ம் கழிந்து, மிச்சம் வெறும் 21.

நிரூபிப்பது என்றால் காகிதம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் கோப்பைப் பார்த்தேன், டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி "மூன்று வாரம் கழித்து வரவும்". அவ்வளவுதான். அந்த மூன்று வாரத்தில் விமானம் ஏறி வந்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டால் அந்தத் தாளில் பதில் இல்லை! உங்கள் டாக்டரிடம் தனிக் கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், ஆபரேஷன் எந்தத் தேதி, ஒவ்வொரு கீமோவும் எந்தத் தேதி, எந்தத் தேதிவரை பயணம் கூடாது என்று சொன்னார், ஏன். பயாப்ஸி ரிப்போர்ட், பில்கள், இங்குள்ள உங்கள் ஜிபியின் (குடும்ப டாக்டரின்) கடிதம் எல்லாம் அதற்குத் துணை. இங்கேயே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இருக்க ஏன் மதுரை என்ற கேள்வியும் எழலாம், கீமோ நாள்களில் சோறு ஊட்ட அம்மா அங்கேதான் இருந்தார் என்றால் அதை உள்ளபடி கவரிங் லெட்டரில் எழுதுங்கள்.

அப்புறம் ஹெச்ஆர். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடத்தில் நான்கு வாரத்தைத் தாண்டினால் உங்கள் விசாவுக்கு நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப்பே சிக்கலாகும், சிக் லீவு போன்ற சில விடுப்புகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் விடுப்பு எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேளுங்கள், அதற்கான கடிதமும் வாங்குங்கள்.

கணவரின் நாள்களைத் தனியாகத்தான் எண்ணுவார்கள். நெருங்கிய உறவினரின் உயிராபத்தான நோய்க்கும் அதே விலக்கு பொருந்தும், ஆனால் யார் உடனிருந்து பார்த்துக்கொண்டார் என்று டாக்டர் கடிதத்தில் அவர் பெயரோடு ஒரு வரி வேண்டும்.

ஜூலைப் பயணத்தைப் படிவத்தில் மறைக்கவே கூடாது. நாள் கூடினால் விளக்கலாம், மறைத்தது தெரிந்தால் அது ஏமாற்றுக் கணக்கில் போய்விடும். ஐஎல்ஆருக்கு இங்கே வசிக்க வேண்டிய ஐந்து ஆண்டைப் பத்தாக்கும் யோசனையை அரசு 2025 மே மாதமே வெளியிட்டது, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆளுக்கு மூவாயிரம் பவுண்டு போல ஆகிறது, மறுத்தால் திரும்ப வராது. மதுரைக் கடிதம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், அதை முதலில் கேட்டுவிடுங்கள்.