2019 உலகக் கோப்பையில் பேட்ஸ்மேன் அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு ஆல்ரவுண்டர் விஜய் சங்கரை எடுத்ததுதான் தோல்விக்குக் காரணமா?

அந்த அரையிறுதி ஆற்றாமை இன்னும் தீராமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் தீரவில்லை. ஆனால் மான்செஸ்டரில் நியூசிலாந்தின் 239-ஐத் துரத்தி நாம் 221-க்குச் சுருண்டபோது விஜய் சங்கர் அணியிலேயே இல்லை. கால்விரல் காயத்தால் முன்பே ஊர் திரும்பிவிட்டார். ரோகித், ராகுல், கோலி மூவரும் ஆளுக்கு ஒரு ரன்னில் அவுட். அதற்கு அவர் என்ன செய்வார்?

ராயுடு ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றும் செய்வார், முப்பரிமாணம் என்று விளக்கம் கொடுத்தது அப்போதைய தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். அதற்காக இன்றுவரை கேலி வாங்குவது விஜய் சங்கர்.

எனக்கு இது உறைப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி அணியில் இதே இடத்தில் நான் நின்றிருக்கிறேன். (கல்லூரி மேட்ச்சும் உலகக் கோப்பையும் ஒன்றா என்று கமெண்டில் வருவீர்கள். ஆட்டம் வேறுதான், வாங்கும் பேச்சு ஒன்றுதான்.) எல்லோருக்கும் பிடித்த அதிரடி சீனியர் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, இறுதிப் போட்டிக்கு என்னை எடுத்தார் கோச். கொஞ்சம் மிதவேகமும் போடுவேன் என்பதுதான் காரணம். நான் போய்க் கேட்கவில்லை. லிஸ்டில் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். அன்று எனக்கு ஒரு ஓவர்கூடத் தரவில்லை. கடைசியில் ரன் தேவைப்பட்டபோது மட்டையைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். எதிரே இடதுகை வேகம். கை வேகமாகத்தான் சுற்றும், பந்து மட்டும் குத்தி நின்று வரும். நான் வீசி முடித்த பிறகு மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போகும். அடுத்தடுத்து அப்படியே. தோற்றோம்.

கோச்சிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவன் இருந்திருந்தா முடிச்சிருப்பான்டா" என்று என் காதுபடச் சொன்னார்கள். கோச்சும் கூடவே தலையாட்டினார்.

    

2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துடன் நிடாஹஸ் கோப்பை என்ற முத்தரப்பு டி20 தொடரின் இறுதி. எனக்கு வந்த அதே மாதிரி இடதுகை வேகம், வங்கதேசத்தின் முஸ்தபிசுர். அவரது 18-வது ஓவரில் விஜய் சங்கர் தொடர்ந்து நான்கு பந்துகளில் ரன் எடுக்க முடியாமல் திணறியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தினேஷ் கார்த்திக்கிற்கு முன்னால் அவரை இறக்கியது கேப்டன் ரோகித். கார்த்திக் 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தில் சிக்ஸருடன் ஜெயிக்க வைத்தார். ஜெயித்த பிறகும் விஜய் சங்கரை விடவில்லை.

2019-க்கு வருகிறேன். பாகிஸ்தானுக்கு எதிராக, புவனேஷ்வர் காயத்தால் பாதியில் விட்ட ஓவரை முடிக்க வந்தவர், உலகக் கோப்பையில் தன் முதல் பந்திலேயே இமாம்-உல்-ஹக்கை எல்பிடபிள்யூ ஆக்கினார். பிறகு சர்ஃபராஸையும் எடுத்தார். அடுத்து ஆப்கானிஸ்தான், வெஸ்ட் இண்டீஸ் ஆட்டங்களிலும் அணியில் இருந்தார். பந்தும் போடுவார் என்று சொல்லி எடுத்தவருக்கு அந்த இரண்டிலும் ஒரு பந்துகூடத் தரவில்லை. கோபம் இருந்தால், அந்த முடிவை எடுத்தவர்களிடம் கேளுங்கள்.